கடற்கரை வீதியை விட்டு வாய்க்கால் கட்டுக்கு வாருங்கள்

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது தூசி தட்டி வெளியே எடுக்கப்பட்ட சைக்கிள்களில் ஒரு பகுதி இன்னும் திருகோணமலை வீதிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. காலையில் அநுராதபுரச் சந்தியில் நின்று பார்த்தால் வேலைக்குப் போகிறவர்களுக்கு நடுவே, உடற்பயிற்சிக்காகவும் விருப்பத்துக்காகவும் ஓடுகிறவர்களையும் காணலாம். ஆனால் அவர்களில் பெரும்பாலானோர் ஒன்று நிலாவெளிப் பக்கம் போகிறார்கள், அல்லது கண்டி வீதியில் சீனக்குடா வரை போய்த் திரும்புகிறார்கள். இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டு, தார் போடாமல் கல்லும் மண்ணும் கொட்டி இறுக்கிய கிரவல் வீதிகளுக்கும், வாய்க்காலின் கரையாக உயர்த்திய மண் கட்டுகளுக்கும் வர வேண்டும் என்பதும், வருகிறவர்கள் அந்தப் பாதைகளின் ஒழுங்குக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதும் என் கருத்து. இரண்டாவதற்கு உடன்படாதவர்கள் முதலாவதைச் செய்யாமல் விட்டாலே நல்லது.

கார்ப்பெட் வீதியில் ஓடுவது சுகம்தான், மறுக்கவில்லை. எனினும் பின்னால் வரும் பஸ் இன்னொரு பஸ்ஸை முந்த முயலும்போது சைக்கிள்காரருக்கு மிஞ்சுவது தார் முடிந்து மண் தொடங்கும் அந்த விளிம்பு மட்டுமே. பல இடங்களில் அந்த விளிம்பு ஒரு சாண் பள்ளமாக இறங்குகிறது. மெல்லிய ரயர் போட்ட சைக்கிள் அதில் இறங்கினால் மீண்டும் ஏறுவதற்குள் ஆளை விழுத்திவிடும். பிள்ளைகளையும், புதிதாக ஓடப் பழகும் பெண்களையும் இந்த வீதிக்கு அழைத்துச் செல்ல எனக்கு மனம் ஒப்புவதில்லை.

கிரவல் சைக்கிள் என்று இன்று உலகம் முழுவதும் விற்கப்படுவது, ஓட்டப்பந்தயச் சைக்கிளின் உடம்பில் அகலமான ரயரையும் டிஸ்க் பிரேக்கையும் பொருத்தி, நீண்ட நேரம் நிமிர்ந்து இருந்து ஓடக்கூடியதாகச் செய்த ஒரு வண்டி. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற சிறு நகரில் 2006இல் தொடங்கிய 200 மைல் கிரவல் வீதிப் போட்டி இந்த வகையைப் பிரபலமாக்கியதில் முக்கியமானது. சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2022இல் இத்தாலியில் முதலாவது கிரவல் உலகச் சம்பியன் போட்டியையும் நடத்திவிட்டது. இவற்றைப் பார்த்துவிட்டு, லட்சக்கணக்கில் பணம் வேண்டும் என்று எண்ணி ஒதுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்த வண்டியின் உயிர் ரயரில் இருக்கிறது. அதன் ரயர் பொதுவாக 35 முதல் 50 மில்லிமீற்றர் வரை அகலமானது. எங்கள் அப்பாமார் நெல் மூட்டை கட்டி ஓடிய 28 அங்குலச் சைக்கிளின் ஒன்றரை அங்குல ரயரும் ஏறக்குறைய 40 மில்லிமீற்றர்தான். ஆகவே கியர் உள்ள பழைய ஜப்பான் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதன் கவைக்குள் எவ்வளவு அகலமான ரயர் தட்டாமல் சுழலும் என்று பார்த்துப் போட்டுக்கொண்டால், எங்கள் மாவட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். இந்தப் பாதைகளில் பெரிய ஏற்றமும் இல்லை, பத்துப் பதினைந்து கியரும் தேவையில்லை.

காற்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கிரவலில் ஓடிக் கை வலிக்கிறது என்பவர்களில் அநேகர் கல்லு மாதிரி காற்றடித்து ஓடுகிறவர்கள். 25 மில்லிமீற்றர் ரயருக்கு, காற்றழுத்தத்தை அளக்கும் பி.எஸ்.ஐ. கணக்கில், 90 அடிப்பது சரியாக இருக்கலாம். 40 மில்லிமீற்றர் ரயரில் எழுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு 35 அல்லது 40 போதும். அப்போதுதான் ரயர் கல்லின் மேல் துள்ளாமல் கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு உருளும். அதற்கும் கீழே இறக்கினால் மதகு விளிம்பில் ரியூப் நசுங்கி இரட்டை வெட்டு விழும். நெருஞ்சி முள்ளுக்கு மருந்தில்லை. ஒட்டுப்பெட்டியும் கைப்பம்பும் இல்லாமல் வீட்டைவிட்டுப் புறப்படக் கூடாது.

இனி இடம். என் மனதுக்கு மிக நெருக்கமானது தம்பலகாமம். கந்தளாய்க் குளத்தின் நீர் இந்த வயல்களுக்கு வாய்க்கால் வழியாக வந்து சேர்கிறது. வாய்க்காலில் நீர் கரையை அரிக்காமல் ஓட வேண்டும் என்பதற்காக அதன் சரிவை மிகமிக மெதுவாகவே வைப்பார்கள். அதனால் அதன் கட்டில் ஓடும் பாதையும் ஏற்றம் இறக்கம் தெரியாத பாதையாகிறது. ஒரு பக்கம் நிழல் விழுந்த தண்ணீர், மறுபக்கம் கண்ணுக்கு எட்டிய மட்டும் பச்சை. காலை ஆறரைக்கு அங்கே போனால் கொக்குகள் இன்னும் வயலுக்குள் இறங்கியிருக்காது. மீன்கொத்தி, நீரைத் திறந்து மூடும் துருசின் இரும்புச் சக்கரத்தில் இருந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கும். பாதையின் நடுவில் புல் ஒரு கோடாக வளர்ந்திருக்க, அதன் இரு பக்கமும் உழவு இயந்திரத்தின் சில்லுகள் இறுக்கிவிட்ட செம்மண் தடங்கள் ஓடும். அந்தத் தடத்தில் சைக்கிள் ஏறியதும் கல்லின் ஓசை மாறுவதைக் காதாலேயே உணரலாம். புதிதாகக் கிரவல் கொட்டிய இடத்தில் உருளைக் கல் சில்லை அலைக்கழிக்கும். அங்கே ஹாண்டிலை இறுக்கிப் பிடிக்காமல், உடம்பைச் சற்றுப் பின்னே தள்ளி, பெடலை நிறுத்தாமல் மிதித்துக்கொண்டே போக வேண்டும். ஒரு பருவத்துக்குப் பிறகு அதே கிரவல் மழையில் ஊறி, பாரத்தில் இறுகி, கார்ப்பெட்டுக்குச் சமமாகப் படிந்துவிடும்.

மேற்கு நாடுகளில் கிரவல் சைக்கிள்காரர் விரும்பிப் போகும் கால்வாய்க் கரைப் பாதைகள், குதிரையும் கோவேறு கழுதையும் படகை இழுத்துச் செல்வதற்காகப் போடப்பட்டவை. அமெரிக்காவில் வாஷிங்டனிலிருந்து கம்பர்லாந்து வரை செல்லும் அப்படியான பாதை ஒன்று 297 கிலோமீற்றர் நீளமானது. இன்று அது தேசியப் பூங்கா. அங்கே சரக்குப் படகு நின்றுபோய், பாதை நடப்பவருக்கும் சைக்கிள் ஓடுபவருக்கும் என்று ஆகிவிட்டது. எங்கள் வாய்க்கால் கட்டு அப்படியல்ல. அது இன்றும் வேலை செய்கிறது. அதை நம்பி ஒவ்வொரு போகத்திலும் குடும்பங்கள் கடன்பட்டு விதைக்கின்றன. கட்டு என்றால் என்னவென்று இந்த மாவட்டத்துக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய வாகனங்கள் கட்டின் மேல் ஓடியது அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. சைக்கிளின் பாரம் ஒரு பாரமா என்று கேட்கலாம். ஈரக் கட்டில் பத்துச் சைக்கிள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் விழுகிற தடம் அடுத்த மழைக்கு ஒரு சிறு வாய்க்காலாகிறது. அது கட்டின் விளிம்பைத் தேடிப் போய் மண்ணைக் கரைக்கிறது. தம்பலகாமத்தில் துருசடியில் மண்வெட்டியோடு நின்ற ஒரு பெரியவர் இதை எனக்குச் சொன்ன விதம் இன்னும் நினைவிருக்கிறது: “தம்பி, மழைக்குப் பிறகு ரெண்டு மூண்டு நாள் பொறுத்து வாங்கோ. கட்டு காயட்டும். நீங்கள் எப்பவும் வரலாம், இந்த மண் போனால் நாங்கள்தான் சுமக்க வேணும்.”

ஆகவே ஐப்பசி கடைசியில் மழை தொடங்கினால் தை வரை மண் கட்டுகளைக் கமக்காரருக்கு விட்டுவிட வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. அந்த மாதங்களில் கிரவல் இறுகிய ஊர் வீதிகள் போதும். அறுவடைக் காலத்தில் பாதையில் நெல் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் ஓடுவதும் ஒருவர் சாப்பாட்டை மிதிப்பதும் ஒன்றுதான், இறங்கி உருட்டிக்கொண்டு போங்கள். லான்ட்மாஸ்டர் என்னும் இரு சில்லு உழவு இயந்திரம் எதிரே வந்தால் அதற்குத் திரும்ப இடமிருக்காது, ஒதுங்க வேண்டியவர் நீங்கள்தான். வரம்புகளில் ஓடவே கூடாது. இரண்டு பேர் பக்கம் பக்கமாகப் பேசிக்கொண்டு வருவதும், புல்லுக்கட்டோடு வருகிற அம்மாவைப் பார்த்து மணி அடிப்பதும் எனக்குப் பொறுக்க முடியாத காரியங்கள். காலை வணக்கம் சொல்லி, மெதுவாக ஒதுங்கிப் போங்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கன்னியா வெந்நீரூற்றுப் பக்கம் நகரிலிருந்து கிட்டத்தான் இருக்கிறது, வேலை நாளிலும் போய்வரலாம். அங்குள்ள ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் தாண்டிக் காட்டோரம் போகிறவர்கள் ஊர்ச்சனம் நாளாந்தம் பயன்படுத்தும் பாதையை விட்டு ஓரடியும் விலக வேண்டாம். கந்தளாய்ப் பக்கம் யானை நடமாட்டம் உள்ளதால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு போவதை நான் ஆதரிப்பதில்லை. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் எங்கே போனாலும் ஒன்பது மணிக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். திரும்பி வரும்போது முகத்தில் அடிக்கும் அந்த வெக்கை தண்ணீர்ப் போத்தலுக்கு அடங்காது. கடற்கரை மணலில் ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு நான் இடம் சொல்லப் போவதில்லை. 40 மில்லிமீற்றர் ரயர் அந்த மணலில் புதையும், உப்பு ஒரே கிழமையில் செயினைத் தின்றுவிடும். கிரவல் தூசிக்குக்கூட எண்ணெய் அளவாகத்தான் விட வேண்டும், மிஞ்சினால் தூசியும் எண்ணெயும் குழைந்து பற்சக்கரத்தை அரிக்கும். வீட்டுக்கு வந்ததும் பழைய சாரத் துணியால் செயினைத் துடைக்கிற பழக்கம் வேண்டும்.

வாய்க்கால் கட்டுகளுக்குக் கொங்கிறீட் போட்டுச் சைக்கிள் பாதை ஆக்க வேண்டும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொன்னாலும் அதை நான் எதிர்க்கிறேன். கிராமத்துச் சனத்தின் வீதி கார்ப்பெட் ஆவதை எங்கள் பொழுதுபோக்குக்காக மறுக்க எவருக்கும் உரிமையில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வீதியில் தூசி பறக்க வேண்டும் என்று எந்தச் சைக்கிள்காரரும் கேட்கக் கூடாது. ஆனால் வாய்க்கால் கட்டு வீதியல்ல. கொங்கிறீட் போட்டால் முதலில் வருவது சைக்கிள் அல்ல, மணல் லொறி. அந்தப் பணத்தில் உடைந்த மதகுகளைத் திருத்தி, இடிந்த இடங்களில் கிரவல் கொட்டி உருளை உருட்டினால் கமக்காரருக்கும் பயன், எங்களுக்கும் பயன்.

வருகிற பெரும்போகத்துக்கு முன்பாக, நகரில் ஓடுகிற நாங்கள் சிலர் சேர்ந்து தம்பலகாமத்துக் கமக்காரர் அமைப்பினரையும், வயல்களுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிக்கும் வட்டவிதானையையும் நேரில் சந்திக்க வேண்டும் என்று விரும்புகிறேன். எந்தக் கட்டில் எந்த மாதம் ஓடலாம், எதில் ஓடவே கூடாது என்று அவர்களிடமே கேட்டு எழுதிக்கொள்வோம். வாய்க்கால் துப்புரவுச் சிரமதானத்துக்கு எங்களைக் கூப்பிடச் சொல்வோம். வர விருப்பமுள்ளவர்கள், முக்கியமாகப் பெண்கள், கீழே பெயரைப் பதியுங்கள். சைக்கிள் இல்லாதவர்களும் பதியலாம், மண்வெட்டி இருந்தால் கொண்டு வாருங்கள்.