ஆமாம், குறுக்கே பேசிய அந்த அங்கிள் நான்தான்

வீடியோவைப் பார்த்தவர்களுக்குக் கதையை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பினாங்கு ஜார்ஜ் டவுனில் நடந்த வரலாற்று நடையில், கேனன் தெருவில் வழிகாட்டித் தம்பியைப் பேசவிடாமல் நிறுத்தியது நான்தான். எல்லாரும் பகிர்ந்து சிரித்து முடித்துவிட்டீர்கள், சந்தோஷம். இப்போது நான் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

தம்பி சொன்னது என்ன? 1867 ஆகஸ்ட் கலவரம் 'சீனக் கும்பல்களின் சண்டை'. கீ ஹின் என்ற சீன ரகசியச் சங்கம் ஒரு பக்கம், தோ பே கோங் என்ற இன்னொரு சங்கம் ஒரு பக்கம், பத்து நாள் ஜார்ஜ் டவுன் ரணகளம். அவ்வளவுதானாம். வெள்ளைக்கொடி, செங்கொடி என்ற இரண்டு சங்கங்களும் எங்கே தம்பி என்று கேட்டேன். கீ ஹின்னோடு வெள்ளைக்கொடி, தோ பே கோங்கோடு செங்கொடி. அந்த இரண்டிலும் இருந்தவர்கள் மலாய்க்காரர்களும் சூலியாக்களும். சூலியா என்றால் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த நம் தமிழ் முஸ்லிம்கள். அவர்களுடைய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கேனன் தெரு. பத்து நாளும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார்களா?

"அங்கிள், இதை இனப் பிரச்சினை ஆக்காதீங்க" என்றார் தம்பி. கூட்டம் சிரித்தது. அந்த இடத்தில்தான் வீடியோவை வெட்டியிருக்கிறார்கள்.

'கலவரத்திலுமா பங்கு கேட்பாய்? இதெல்லாம் பெருமையா?' என்று ஒருவர் இன்பாக்ஸில் கேட்கிறார். பெருமை என்று யார் சொன்னது? வெட்டினவனிலும் நம்மாள் இருந்தான், வெட்டுப்பட்டவனிலும் இருந்தான். இந்த ஊரில்தான் இருந்தான் என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும் உங்களுக்கு?

இரண்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் சொல்ல முடியாதாம். பீரங்கிக் குண்டு விழுந்த பள்ளத்தால்தான் தெருவுக்கு அந்தப் பெயர் என்கிற கதைக்கு இருபது நிமிடம் இருந்தது. செண்டோல் குடிக்க அரை மணி நேரம் இருந்தது.

1998இல் இதே பினாங்கில் கம்போங் ராவாவில் நடந்த இந்து-முஸ்லிம் மோதலை மறந்துவிட்டாயா, பழைய புண்ணைக் கிளறாதே என்கிறவர்களுக்கு: மறக்கவில்லை. இங்கே பேசப்போவதும் இல்லை.

கார்ன்வாலிஸ் கோட்டையில் இன்னும் மோசம். "பிரிட்டிஷ்காரன் போனான், ஜப்பான்காரன் வந்தான்." எப்படிப் போனான் தெரியுமா? 1941 டிசம்பர் 11 முதல் ஊர்மேல் குண்டு விழுகிறது. வெள்ளைக்காரர்களை மட்டும் ராவோடு ராவாகப் படகேற்றிக்கொண்டு போய்விட்டான். நம்மையும் சீனனையும் மலாய்க்காரனையும் பிணங்களோடு விட்டுவிட்டு! கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியது யார்? ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து. யாழ்ப்பாணத்து வேர் உள்ள தமிழர். வெள்ளையன் போய்விட்டான், குண்டு போடாதே என்று ஜப்பான்காரனுக்கு வானொலியில் சொல்ல வைத்தவரும் அவர்தான். அந்தக் கொடிமரத்தின் அடியில் நின்று செல்பி எடுத்துக்கொண்டோம். அவர் பெயரை மட்டும் தம்பி சொல்லக் காணோம்.

தம்பியை மட்டும் திட்டி என்ன பயன்? கூட்டத்தில் நம்மாட்கள் ஏழு பேர் இருந்தார்கள். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. ராஜேந்திர சோழன் கடாரம் வந்தது என்றால் ஆயிரம் வருஷத்தைத் தாண்டிக் குதிப்போம், புகைப்படத்தோடு ஸ்டேட்டஸ் போடுவோம். பக்கத்துத் தெருவில் நடந்தது மட்டும் தெரியாது.

கடைசியாக ஜெட்டி, அதாவது பெர்ரி படகுத்துறை. பழைய மஞ்சள் பெர்ரி எவ்வளவு அழகாக இருந்தது, அப்போதெல்லாம் காற்று வாங்கிக்கொண்டே போகலாம் என்றார் தம்பி. அங்கே நான் குறுக்கே பேசவில்லை. பேச வரவில்லை.

1988 ஜூலை 31, ஞாயிறு. புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழா முடித்து அத்தை தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சீனர்களின் குவான் இன் அம்மன் விழாவும் அதே நாள். அக்கரையில் பட்டர்வொர்த் பெர்ரி முனையத்தில் கால் வைக்க இடமில்லாத கூட்டம், மேல்தளம் அப்படியே இடிந்து இறங்கியது. 32 பேர் செத்தார்கள், காயம்பட்டவர்கள் 1,600க்கும் மேல். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. இந்தப் பக்க ஜெட்டியில் அப்பாவோடு இருட்டும்வரை நின்றேன். மறுநாள் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது அத்தையின் இடது காலில் மாவுக்கட்டு. கோயில் தீர்த்தம் பிடித்து வந்த பிளாஸ்டிக் பாட்டிலை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்திருந்தார். மூடிகூட திறந்திருக்கவில்லை.

நேற்று ராத்திரி அத்தைக்கு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்தார். "அந்தப் பிள்ளை நல்லாத்தானேடா பேசுது, நீ ஏன் குறுக்க குறுக்கப் போற?" என்று என்னைத்தான் திட்டினார்.