காய்கறி லாரியை மறித்து யாருக்குப் பாடம்?

முல்லைப் பெரியாறு அணைப் பிரச்சினை தலைதூக்கினால் போதும், எங்கள் கம்பம் பக்கத்தில் ஒரு குரல் கிளம்பிவிடும். "காய்கறி லாரியை நிறுத்துங்கப்பா, நாலே நாளில் வழிக்கு வருவாங்க." மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இன்னொரு குரல்: "தமிழ்நாட்டுக் காயே வேண்டாம், எல்லாத்தையும் நாமே விளைவிப்போம்." இரண்டுமே தப்பு.

2011 டிசம்பரில் கேரளாவுக்குப் போகிற குமுளிப் பாதை அடைபட்டதே, என்ன நடந்தது? விடிவதற்குள் ஜீப் ஏறி அங்கே ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற நம் ஊர்ப் பெண்களுக்குக் கூலி போச்சு. தோட்டக்காரருக்குக் காய் எடுக்க ஆள் இல்லை. காய்கறி லோடும் தேங்கியது. அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்கலாம் என்ற தீர்ப்பு 2014இல் உச்ச நீதிமன்றத்தில் வாதாடி வாங்கியது. லாரியை மறித்து வந்ததில்லை.

சரி, எல்லாவற்றையும் அவரவரே விளைவித்தால் என்ன? 1817இல் டேவிட் ரிக்கார்டோ என்ற ஆங்கிலப் பொருளாதார அறிஞர் இதற்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். குறிப்பிட்ட அளவு ஒயினுக்குப் போர்ச்சுகலில் ஓராண்டுக்கு 80 பேர் உழைக்க வேண்டும், துணிக்கு 90 பேர். இங்கிலாந்தில் ஒயினுக்கு 120, துணிக்கு 100. இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. ஆனாலும் அது ஒயினை மட்டும் செய்து துணியை வாங்கிக்கொண்டால், 90 பேர் நெய்ய வேண்டிய துணி 80 பேர் உழைப்பிலேயே கைக்கு வந்துவிடும். இங்கிலாந்துக்கும் 20 பேர் உழைப்பு மிச்சம். எல்லாம் தெரிந்தவனுக்கும் வாங்குவதில் லாபம் இருக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த இடம்.

கேரள மலையூர்களான வட்டவடையிலும் காந்தளூரிலும் அருமையாகக் காய்கறி விளைகிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏலக்காய்க்குப் பேர்போன வண்டன்மேட்டில் ஏலச்செடியைப் பிடுங்கிவிட்டுத் தக்காளி நட்டால், கைவிட்ட ஏலக்காய்தான் அந்தத் தக்காளியின் விலை.

அப்புறம் அந்த மருந்துப் புகார். நம் காயில் பூச்சிமருந்து அதிகம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டு நாம் கோபப்படுகிறோம். கமிஷன் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மூட்டையைப் பிரித்ததும் கை தேடுவது புழு ஓட்டையைத்தான். ஓட்டை தென்பட்டால் விலை பாதி. மருந்தே அடிக்காமல் கொண்டுவந்தவருக்கு ஒரு ரூபாய் கூட்டித் தர ஆள் இல்லை. அப்புறம் அவர் ஏன் அடிக்காமல் இருப்பார்?

நம் போடியிலும் கேரளாவின் புற்றடியிலும் நடக்கிற ஏலக்காய் ஏலத்தைப் பாருங்கள். 8 மில்லிமீட்டருக்கு மேல் பருமனும் பச்சை நிறமும் இருந்தால் நல்ல விலை. அதனால்தான் தோட்டக்காரர் உலர்த்தும் அறையின் சூட்டை ராத்திரியெல்லாம் கவனிக்கிறார். விலை எதற்குக் கிடைக்கிறதோ, விவசாயியின் கவனம் அங்கேதான் போகும்.

கேரள வியாபாரிகளிடம் நான் கேட்பது இதுதான். குமுளியில் மருந்து எச்சத்தைச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். தேறிய லோடுக்குக் கிலோவுக்கு 2 ரூபாய் கூட்டிக் கொடுங்கள், அதுவும் அன்றைக்கே கையில். அடுத்த போகத்திலேயே எங்கள் ஆட்கள் மருந்துக்கடைக்கு நடக்கிற நடை குறையும்.