மொட்டை மாடியில் ஒரு மீன் வாளி

(மதுரை. பங்குனி வெயில் தாழ்ந்த நேரம். முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி படியேறி வருகிறார் கீழ்வீட்டு ஈஸ்வரி. மேலே முருகேசன் வாளிக்குள் குச்சியை விட்டுக் கலக்கிக்கொண்டிருக்கிறார். மதில்மேல் பூனைகள் வரிசையாக, பந்திக்குக் காத்திருக்கும் பவ்யத்தோடு.)

ஈஸ்வரி: அண்ணே, மேல எலி கிலி செத்துக் கெடக்கா?

முருகேசன்: வாத்தா. எலி இல்ல, மீன் அமிலம், செடிக்கு உரம். முதல் வாளி தீந்துருச்சு, இது ரெண்டாவது.

ஈஸ்வரி: மீன் அமிலம் இப்படியா நாறும்? எங்கப்பா போடுவாரு. மீன் கழிவுக்குச் சரி எடை நாட்டுச்சர்க்கரை போட்டு, 21 நாள் மூடி வச்சா பழவாசனைல்ல அடிக்கும்! நீங்க எவ்வளவு போட்டீங்க?

முருகேசன்: குடலும் செதிலும் 2 கிலோ. கடைக்காரன் சும்மாவே குடுத்தான். சர்க்கரை... கால் கிலோவோட உங்க அண்ணி டப்பாவைப் பிடுங்கிட்டா.

ஈஸ்வரி: அப்ப இது அமிலம் இல்லண்ணே, கருமாதி. செடிக்கு எப்படி ஊத்துறீங்க?

முருகேசன்: ஒரு மக் தண்ணிக்கு ஒரு டம்ளர்.

ஈஸ்வரி: ஆத்தாடி! லிட்டருக்கு 5 மில்லி போதும். இருமல் மருந்து மூடியில பாதி!

முருகேசன்: பெத்த புள்ள மாதிரி வளக்குறேன், அளந்தா ஊத்துவாங்க? புண்ணாக்குத் தண்ணி, முட்டை ஓடு, டீத்தூள், ஒண்ணும் குறை வைக்கல.

ஈஸ்வரி: டீத்தூளை அலசிப் போட்டீங்களா?

முருகேசன்: சீனியோட அப்படியே.

ஈஸ்வரி: அதான் எங்க அடுப்படி வரைக்கும் எறும்பு ஊர்வலம். மீனுக்குப் போட வேண்டிய இனிப்பை எறும்புக்குப் போட்டிருக்கீங்க. சரி, மல்லி பூத்துச்சா?

முருகேசன்: (செருமிக்கொண்டு) இலை நல்லா வந்திருக்கு.

ஈஸ்வரி: இலையைக் கட்டித் தலையில வைக்கவா? மீனும் புண்ணாக்கும் தழைச்சத்துண்ணே, தழையத்தான் செய்யும். மல்லி வெயிலுக்கு ஏங்குது, நீங்க பச்சை வலை கட்டிக் குடை பிடிக்கிறீங்க. கார்த்திகையில கவாத்தாவது பண்ணீங்களா?

முருகேசன்: வளத்த கையால வெட்ட மனசு வரலத்தா. ஆமா, உன் செடி மட்டும் கொட்டுதே, என்ன உரம் போடுற?

ஈஸ்வரி: அரிசி களைஞ்ச தண்ணி. வேற எதுவுமில்ல.

(முருகேசன் மதிலோரம் போய் எட்டிப் பார்க்கிறார். மாடித் தண்ணி வடியும் குழாய் நேராக ஈஸ்வரியின் மல்லித் தூரில் முடிகிறது.)

முருகேசன்: அடிப்பாவி! உரம் ஊத்தி முடிச்சதும் நாத்தம் போகப் பத்து வாளி விட்டு மாடியைக் கழுவுறேன். அம்புட்டும் உன் செடிக்கா?

ஈஸ்வரி: அதான் சரியான பக்குவத்துல வந்து சேந்திருக்கு!

முருகேசன்: என் மீனு, என் சர்க்கரை, உன் பூவா?

ஈஸ்வரி: வெயிலும் கத்திரியும் என்னுதுண்ணே.

முருகேசன்: அதெல்லாம் தெரியாது. தினம் ரெண்டு முழம் அண்ணிக்கு வந்துறணும்.

ஈஸ்வரி: ஒரு முழம். நாத்தத்துக்கு ஒரு முழம் கழிச்சுட்டேன்.