ஏற்றத்தில் வரும் கரும்புகைக்கு மிக்சர் ஸ்க்ரூ மருந்தல்ல

அண்ணா, பத்மினி கார் தொப்பூர் மலை ஏற்றத்தில் கரும்புகை விட்டால் மிக்சர் ஸ்க்ரூவை இறுக்கினால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. பத்மினியின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் அந்த ஸ்க்ரூ ஐடிலிங் கலவைக்கு, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது போகும் பெட்ரோல்-காற்றுக் கலவைக்கு மட்டும்தான். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது பெட்ரோல் மெயின் ஜெட் என்ற பித்தளைத் துளை வழியாகப் போகிறது. இறுக்கினால் புகை குறையாது, தருமபுரி நெரிசலில் வண்டி நின்றுபோகும். பலமாக இறுக்கினால் ஊசிமுனையில் வரி விழுந்து, பிறகு எந்த செட்டிங்கும் நிற்காது.

கரும்புகை என்றால் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல். முதலில், குளிரில் ஸ்டார்ட் செய்யப் பெட்ரோலைக் கூட்டும் சோக் முழுசாக ஆஃப் ஆகிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா பாருங்கள். அடுத்தது, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை. கழற்றிக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் தளும்பினால் ஓட்டை. சந்தேகமென்றால் வெந்நீரில் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். மிதவை ஏறும்போது பெட்ரோலை அடைக்கும் நீடில் வால்வை மாற்றும்போது வாஷர் பழைய கனத்திலேயே இருக்கட்டும், மெல்லியதைப் போட்டால் பெட்ரோல் மட்டம் ஏறிவிடும். ஏர் கரெக்‌ஷன் ஜெட், அதாவது மெயின் ஜெட் பெட்ரோலில் காற்றைக் கலக்கும் துளை, அடைத்தாலும் கரும்புகைதான். தயவுசெய்து எந்த ஜெட்டையும் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் க்ளீனர் ஸ்ப்ரேயும் காற்றழுத்தமும் போதும்.

கடைசியில்தான் மிக்சர் ஸ்க்ரூ: மெதுவாக உட்காரும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் சூடானதும், ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்த்து, ஐடிலிங் வேகம் அதிகமாக ஏறும் இடத்தில் நிறுத்தி, பிறகு அந்த வேகத்தை ஐடிலிங் வேகத்துக்கென்றே உள்ள த்ராட்டில் ஸ்க்ரூவில் குறையுங்கள்.