ஒரு லேன் ஒயரைச் சொருகிப் பாக்க ஒருத்தனுக்கும் கையில்லையா?

மறுபடியும் இன்டர்நெட் கம்பெனிக்க அதே மெசேஜ். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது." என்னத்தடே தீத்தீங்க? இரணியல் பக்கத்து அந்த வீட்டுல, பிள்ளைக்க கம்ப்யூட்டர்ல நெட் வேகம் இப்பவும் 4 எம்பிபிஎஸ்தான் வருது. மாசாமாசம் பணம் கட்டுதது 100க்கு.

லைன் பாக்க வந்த தம்பி செஞ்ச வேலை இது. செருப்பைக் கழட்டினான். முன்னறையில ரூட்டருக்குக் கீழ 2 அடி தள்ளி நின்னான். அவனுக்க மொபைலை எடுத்து ஸ்பீட் டெஸ்ட் போட்டான். 94. "பாத்தியளா அக்கா, லைன் கொள்ளாம். உங்க சிஸ்டம்தான் கம்ப்ளெயிண்ட்." கம்ப்யூட்டர் உள் ரூம்ல கெடக்கு, ஒருக்கா வந்து பாரு தம்பின்னு அக்கா ரெண்டு தடவை கேட்டாவ. "அது எங்க வேலை இல்லக்கா." செருப்பை மாட்டினான். மொத்தம் நாலு நிமிஷம். பைக் வளைவு திரும்புததுக்குள்ள அந்த மெசேஜ் வந்தாச்சு.

இதுக்கு முந்தின வாரம் கடைக்காரன் சிபியூவைத் தூக்கிட்டுப் போய், விண்டோஸ் புதுசா அடிச்சு 700 ரூவா வாங்கினான். வேகம் அதே 4. போன்ல பேசுதவங்களுக்கு ஒரே பாட்டு: ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. பண்ணினா அரைமணிக்கூர் நல்லா ஓடத்தான் செய்யும். ஏன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. சேனலை, அதாவது வைஃபை ஓடுத பாதையை, ஆட்டோவுல விட்டா, பல ரூட்டரும் ஆன் ஆகும்போது மட்டும்தான் ஆள் குறைஞ்ச சேனலைத் தேடும். பொறவு பக்கத்து வீட்டு ரூட்டர் அதே சேனலுக்கு வந்தாலும் அசையாது. வைஃபைக்க 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணுதான்: 1, 6, 11. எது காலியோ அதுல நிலையா வச்சு, சேனல் அகலத்தை 40ல இருந்து 20 மெகாஹெர்ட்ஸ் ஆக்கணும். ரெண்டு நிமிஷ வேலை.

ஆனா அதுக்கும் முந்தி செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு. சிபியூவை முன்னறைக்குக் கொண்டுவந்து ரூட்டர்ல இருந்து லேன் ஒயரைச் சொருகு. ஒயர்ல 90க்கு மேல வந்தா லைனும் கம்ப்யூட்டரும் சரி, கோளாறு வைஃபையில. ஒயர்லயும் 4, ரூட்டர் பக்கத்துல மொபைல்லயும் 4 வந்தா ரூட்டர் கொண்டுவந்தவன் பதில் சொல்லட்டும். ஃபைபர் எங்கேயோ மடங்கியிருக்கும், இல்லைன்னா தென்னமட்டை விழுந்து இழுத்திருக்கும். அந்தத் தம்பிக்க பையிலயே ஃபைபர்ல வருத வெளிச்சத்தை அளக்குத பவர் மீட்டர் உண்டு. வெளிச்சம் மைனஸ் 27 டிபிஎம்முக்குக் கீழ போச்சுன்னா லைன் தடுமாறத்தான் செய்யும். எடுத்துப் பாத்தானா? இல்லை.

ஒயர் எட்டலையா, பிங் போடு, ரூட்டர் எத்தனை நேரத்துல பதில் தருதுன்னு பாக்குத சோதனை அது. கமாண்ட் ப்ராம்ப்ட்ல pingன்னு போட்டு ரூட்டருக்க நம்பரை அடி, 192.168.1.1ன்னோ வேற எதுவோ ரூட்டருக்க அடியில ஒட்டியிருக்கும். பதில் சீரா 5 மில்லி செகண்டுக்குள்ள வரணும். 3, 280, 9, 410ன்னு துள்ளிச்சுன்னா கோளாறு வீட்டுக்குள்ள. விண்டோஸ் அடிச்சா அது போகாது.

உள் ரூம்ல எட்டிப் பாத்திருந்தா அங்கயே தெரிஞ்சிருக்கும். வைஃபை பிடிக்குத நகம் அளவு யூஎஸ்பி டாங்கிள், சிபியூவுக்க பின்னால, இரும்பு மேசைக்கும் சுவருக்கும் நடுவுல. அதுக்குத் தெரிஞ்சது 2.4 மட்டும். அந்தத் தம்பிக்க மொபைல் ஓடினது 5 கிகாஹெர்ட்ஸ்ல. ரெண்டையும் ஒண்ணா வச்சு எப்படிடே பேசுத? டாங்கிளுக்குத் தொட்டடுத்த நீல ஓட்டையில யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க். யூஎஸ்பி 3 ஓடும்போது கிளம்புத மின் இரைச்சல் 2.4 பக்கமும் விழும். ஒட்டியிருக்குத டாங்கிளுக்குக் காது அடைச்சுப் போவும். ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயரைப் போட்டு டாங்கிளை மேசைக்கு மேல கொண்டுவா. பொறவு 2.4, 5 ரெண்டும் எடுக்குத டாங்கிள் ஒண்ணு வாங்கு. விண்டோஸ் அடிக்கக் கொடுத்த 700ஐ இதுல போட்டிருக்கலாம்.

ரூட்டரை வச்ச இடம் அதை விட மோசம். ஷோகேஸ் உச்சியில, இன்வெர்ட்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவுல. ஒயரை இழுத்தவனுக்கு அந்த மூலை சௌகரியம். அங்கிருந்து உள் ரூமுக்கு மூணு சுவரும் ஒரு இரும்பு பீரோவும். இதுல 5 கிகாஹெர்ட்ஸ் பாதியிலயே செத்துப்போவும், சுவர் தாண்ட 2.4ஐ விட அதுக்குத் தெம்பு கம்மி. இப்படிப்பட்ட கான்கிரீட் வீட்டுக்கு ஒயர்தான் வழி. 20 மீட்டர் கேட் 6 லேன் ஒயர், சுத்தச் செம்பு. அலுமினியத்துல செம்பு பூசினதைத் தலையில கட்டுவானுவ, சம்மதிக்காதீங்க. மறுமுனையில பழைய ரூட்டர் போதும்: அதுல டிஹெச்சிபியை, அதாவது நம்பர் கொடுக்குத வேலையை, ஆஃப் பண்ணி, முதல் ரூட்டர் 192.168.1.1ன்னா இதுக்க நம்பரை 192.168.1.2ன்னு மாத்தி, ஒயரை லேன் ஓட்டையில சொருகணும், வேன் (WAN) ஓட்டையில இல்லை. குளச்சல், முட்டம் பக்கம்னா கடக்காத்து உப்புல ஒயர் முனைக்க பின்னுல களிம்பு பிடிக்கும். முனையை அப்பப்போ கழட்டிப் பாருங்க. ஒயருக்குள்ள எட்டு கம்பியில ஒண்ணு தொடாம நின்னாலும் கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) வேகம் 100க்கு இறங்கிரலாம். 200 கட்டுதவங்களுக்கு ஒயர்லயே 94 வருதுன்னா முதல்ல அந்த முனையைத்தான் சந்தேகப்படணும்.

இதுல எது பெரிய வித்தை? கால் மணிக்கூர் நின்னா முடியுத காரியம். அந்தப் பிள்ளை பரீட்சைக்கு மொபைலைத் தூக்கிட்டு வாசப்படியில உக்காந்து எழுதிச்சு.

அந்த வாசப்படிக்கு முன்னால குடிதண்ணி பைப்புக்குன்னு தோண்டின குழி மழைக்கு முந்தி தோண்டினது. இன்னும் மூடல. அந்த ஃபைபர் ஒயரும் அதுக்குள்ளதான் தொங்கிக் கெடக்கு. அதை எப்ப மூடுவீங்க?