திருவையாற்றில் பெண்கள் பாடிய கதை

கர்நாடக இசை மேதை தியாகராஜரின் சமாதி திருவையாற்றில் இருக்கிறது; அவர் நினைவாக ஆண்டுதோறும் அங்கே நடக்கும் இசை விழாதான் ஆராதனை. 'தியாகராஜர் சமாதியை வித்வான்கள் எல்லாரும் சேர்ந்து கட்டினார்கள், ஆரம்பத்திலிருந்தே ஆராதனையில் பெண்களுக்கும் இடம் இருந்தது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது சரியல்ல.

பாழடைந்து கிடந்த அந்த இடத்தை மீட்டுக் கோயிலாக எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், 1920களில். தேவதாசி மரபில் வந்தவர். பாடிச் சம்பாதித்த பணத்தையும் நகைகளையும் அதற்காகவே கொடுத்தார். அப்படி அவர் கட்டிய சந்நிதியிலேயே அவரைப் பாட விடவில்லை! ஆராதனையை நடத்திய இரண்டு குழுக்களும் ('கட்சிகள்' என்பார்கள்) ஆண்களுடையவை. அவற்றில் பெண் பாடக் கூடாது என்பதுதான் வழக்கம். அவர் அழுதுகொண்டு உட்காரவில்லை. 1927இல் பெண்களைத் திரட்டித் தனியாக ஓர் ஆராதனையைத் தொடங்கினார். சந்நிதிக்குப் பின்புறம் அவர்கள் பாடினார்கள். அப்புறம் 1940இல்தான் மூன்று கட்சிகளும் ஒன்றாயின.

'ஆரம்பத்திலிருந்தே' என்ற அந்த ஒரு சொல் இத்தனை ஆண்டுப் போராட்டத்தையும் அழித்துவிடுகிறது. அதனால்தான் இவ்வளவு எழுதினேன். இன்று அங்கே ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்கார்ந்து தியாகராஜரின் ஐந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள். அடுத்த முறை போகும்போது எதிரே இருக்கும் நாகரத்தினம்மாளின் சமாதியையும் பார்த்துவிட்டு வாருங்கள்.