பார்வையாளர் உரிமை பார்வையாளர் உரிமைதான்

அண்ணா, பிடிஎஃப் கோப்புகளைத் திறந்து திருத்தும் செயலியான அக்ரோபாட்டைக் கூகுள் டிரைவோடு இணைத்தால், பார்க்க மட்டும் அனுமதி உள்ளவர்களும் நம் கோவில் சங்கத்தின் கோப்புகளை மாற்றிவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நடக்காது. செயலிக்கென்று தனி அதிகாரம் கிடையாது. எந்தக் கணக்கில் நுழைந்து இணைக்கிறோமோ, அந்தக் கணக்குக்கு உள்ள உரிமைதான் அதற்கும். பார்க்க மட்டும் அனுமதி உள்ள, ரோஸ் ஹில் ஊர் இளைஞர் ஒருவர் காவடிப் பட்டியலைத் திறந்து ஏதாவது எழுதினாலும், தனக்கென ஒரு நகலாகத்தான் வைத்துக்கொள்ள முடியும். நம் மூலக் கோப்பு அப்படியே இருக்கும்.

நீங்களே சோதிக்கலாம். ஒரு வெற்று பிடிஎஃப்பைப் புதுக் கோப்புறையில் போட்டு, இன்னொரு கணக்குக்குப் பார்வையாளர் உரிமை மட்டும் கொடுங்கள். (சங்கக் கோப்புறைக்குள் வேண்டாம், வெளிக் கோப்புறைக்குக் கொடுத்த உரிமை உள்ளே இருப்பவற்றுக்கும் இறங்கும்.) அந்தக் கணக்கை அக்ரோபாட்டில் இணைத்து, ஒரு வரி சேர்த்துச் சேமிக்கப் பாருங்கள். அப்புறம் உங்கள் கணக்கில் அதே கோப்பைத் திறந்தால் அந்த வரி இருக்காது.

பிள்ளைகள் பாடுபட்டுத் தொகுத்த பட்டியல், உங்கள் கவலை புரிகிறது. அந்தக் கோப்பில் பகிர்வு என்பதை அழுத்தி, யார் யாருக்குத் திருத்தும் உரிமை இருக்கிறது என்று பாருங்கள். மாற்றக்கூடியவர்கள் அவர்கள் மட்டும்தான்.